வியூ ஃபிரேம்வொர்க்: காம்பொனென்ட், ப்ராப்ஸ், ஸ்லாட், ரியாக்டிவிட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியூ கற்றுக்கொள்ளத் தொடங்கியவர்களும் வேறு ஃபிரேம்வொர்க்கிலிருந்து மாறி வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எங்கே தலைவலி அதிகமோ அங்கே பதிலும் நீளம். சொல்வதெல்லாம் வியூ 3-ஐ வைத்துத்தான். பழைய 2 வேறுபடும் இடங்களில் தனியாகக் குறிப்பிடுகிறேன்.

வியூ என்பது என்ன? யார் செய்தது?

பிரவுசரில் ஓடும் பக்கங்களைச் சின்னச் சின்ன காம்பொனென்ட்களாகப் பிரித்துக் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க். இவான் யூ கூகுளில் வேலை பார்த்தபோது ஆங்குலர்ஜேஎஸ் பயன்படுத்தினார். அதில் தனக்குப் பிடித்த பகுதியை மட்டும் எடுத்து, கனம் இல்லாமல் ஒன்றைச் செய்து பார்க்கலாமே என்று தொடங்கி, 2014 பிப்ரவரியில் வெளியிட்டார். 2016 செப்டம்பரில் இரண்டாம் பதிப்பும் 2020 செப்டம்பரில் மூன்றாம் பதிப்பும் வந்தன. எம்ஐடி உரிமத்தில் கிடைப்பதால் வணிகப் பயன்பாட்டுக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இது ஃபிரேம்வொர்க்கா, லைப்ரரியா?

எவ்வளவு எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வியூவின் மையப்பகுதி திரையில் வரைவதையும் தரவு மாறினால் திரையை மாற்றுவதையும் மட்டும் செய்யும். பக்கத்துக்குப் பக்கம் போக வியூ ரவுட்டர், பொதுத் தரவை வைக்க பீன்யா, எழுதியதைப் பிரவுசருக்குப் புரியும் கோப்புகளாக மாற்ற, அதாவது பில்ட் செய்ய, வீட் என்று மற்றவை தனித்தனிப் பெட்டிகள். எல்லாமே வியூ குழுவோடு தொடர்புடையவர்கள் பராமரிப்பவை என்பதால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதில்லை. ஆனால் எதையும் கட்டாயம் எடுக்க வேண்டும் என்றும் இல்லை. ஒரே ஒரு படிவத்துக்காக வியூவைச் சேர்ப்பவருக்கு ரவுட்டர் எதற்கு?

காம்பொனென்ட் என்று சரியாக எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு கருத்துப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதும் கட்டம், இன்னும் எத்தனை எழுத்து பாக்கி என்று காட்டும் எண், அனுப்பும் பட்டன். எழுத்தை எண்ணும் வேலை அந்தப் பெட்டியின் சொந்த விவகாரம். வெளியே யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. பட்டனை அழுத்தியதும் எழுதியதை வெளியே கொடுத்தால் போதும். இப்படித் தன் விவகாரத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, வெளியுலகத்தோடு பேச வாசல் மட்டும் விட்டிருக்கும் துண்டுதான் காம்பொனென்ட்.

வியூவில் வாசல் மூன்று. உள்ளே வரும் தரவுக்கு ப்ராப்ஸ். வெளியே போகும் சேதிக்கு ஈவென்ட். உள்ளே சொருகும் உள்ளடக்கத்துக்கு ஸ்லாட். கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை, யாரோ வாசல் வழியாக வராமல் சுவர் ஏறிக் குதித்ததால் வந்தவை.

ஒரே கோப்பில் எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ் மூன்றையும் போடுவது பழைய பழக்கத்துக்குத் திரும்புவது போல இல்லையா?

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. மூன்றையும் தனித்தனிக் கோப்பில் வைப்பதுதான் சுத்தம் என்று சொல்லிக்கொடுக்கப்பட்டு வளர்ந்த தலைமுறை. ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? கருத்துப் பெட்டியின் பட்டன் நிறத்தை மாற்ற, மூவாயிரம் வரி உள்ள ஸ்டைல் கோப்பைத் திறந்து தேடுகிறோம். மாற்றுகிறோம். வேறு எங்கோ ஒரு பட்டனும் சேர்ந்து மாறிவிடுகிறது. அந்தப் பெட்டியே வேண்டாம் என்று பின்னால் நீக்கினால், அதன் ஸ்டைல் யாருக்கும் தைரியம் இல்லாமல் அங்கேயே கிடக்கிறது.

சேர்ந்து மாறுபவை சேர்ந்து இருக்கட்டும் என்பது வியூவின் வாதம். கோப்பை நீக்கினால் மூன்றும் ஒன்றாகப் போய்விடும். இந்தக் கோப்பு பிரவுசருக்கு நேரடியாகப் புரியாது. பில்ட் நேரத்தில் ஒரு கம்பைலர், டெம்ப்ளேட்டை, அதாவது கோப்பின் எச்டிஎம்எல் பகுதியை, ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷனாக மாற்றிவிடும். வீட் வந்த பிறகு இதெல்லாம் பின்னணியில் நடப்பதே தெரிவதில்லை. கோப்பைச் சேமித்ததும் திரையில் அந்தத் துண்டு மட்டும் மாறுகிறது, பக்கத்தில் பாதி நிரப்பிய படிவம் அப்படியே இருக்கிறது.

ப்ராப்ஸ் வழியாக வந்த தரவைப் பிள்ளை காம்பொனென்ட் ஏன் மாற்றக் கூடாது?

மாற்ற முயன்றால் வளர்ச்சிக் கட்டத்தில் கன்சோலில் எச்சரிக்கை வரும், மதிப்பும் மாறாது. இதை ஒரு தொல்லையாகப் பார்ப்பவர்கள் உண்டு. காரணம் இதுதான்: ஒரு தாய் காம்பொனென்ட் ஒரே தரவை நான்கு பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறது. திடீரென்று மதிப்பு தப்பாகத் தெரிகிறது. நான்கு பேரும் மாற்றலாம் என்றால், யார் மாற்றியது என்று நான்கு வீட்டிலும் போய் விசாரிக்க வேண்டும். தாய் மட்டும்தான் மாற்றும் என்றால் ஒரு கோப்பைப் படித்தால் போதும். தரவு கீழே இறங்கும், சேதி மேலே ஏறும். பிள்ளைக்கு மாற்றம் வேண்டுமானால் ஈவென்ட் அனுப்பிக் கேட்கும். மாற்றுவதா இல்லையா என்பது தாயின் முடிவு.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ப்ராப்பாக வருவது எண்ணோ எழுத்தோ என்றால் காவல் உறுதி. ஆனால் ஒரு ஆப்ஜெக்டோ அர்ரேயோ வந்தால், அதன் உள்ளே இருப்பதைப் பிள்ளை மாற்ற முடியும், எச்சரிக்கை எதுவும் வராது. ஜாவாஸ்கிரிப்டில் ஆப்ஜெக்ட் நகலாகப் போகாது, அதே பொருள்தான் கைமாறுகிறது. காவல் மேல்தட்டில் மட்டும்தான். 'வேலை செய்கிறதே' என்று இதைப் பயன்படுத்துபவர்கள் ஆறு மாதம் கழித்து வருந்துவார்கள். தேவையானால் உள்ளே ஒரு நகல் எடுத்து அதைத் திருத்துங்கள், முடிந்ததும் ஈவென்டில் அனுப்புங்கள்.

படிவக் கட்டங்களுக்கு இந்தப் போக்குவரத்தை ஒவ்வொரு முறையும் கையால் எழுதுவது அலுப்பு. அதற்குத்தான் வி-மாடல். பார்க்க இருவழிப் பாதை போல இருக்கும், உள்ளே நடப்பது அதே ப்ராப்பும் ஈவென்டும்தான். 3.4 பதிப்பில் டிஃபைன்மாடல் நிலையானதாக வந்த பிறகு, பிள்ளைப் பக்கத்தில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

ஸ்லாட் எதற்கு? ப்ராப்ஸிலேயே எல்லாவற்றையும் அனுப்பிவிடலாமே?

அனுப்பலாம், கொஞ்ச நாள். ஒரு டயலாக் பெட்டி செய்கிறீர்கள். தலைப்பு ஒரு ப்ராப், செய்தி ஒரு ப்ராப். அப்புறம் ஒருவர் தலைப்பில் ஐகான் கேட்பார். ஐகானுக்கு ஒரு ப்ராப். செய்தியில் ஒரு இணைப்பு வேண்டும், அதற்கு இரண்டு. மூன்று பட்டன் வேண்டும், நடுவில் இருப்பது சிவப்பாக வேண்டும். இருபது ப்ராப் ஆனதும் அந்தப் பெட்டியைத் தொடவே யாருக்கும் மனம் வராது.

ஸ்லாட் என்பது வெற்றிடம். பெட்டியின் சட்டகம், நிழல், மூடும் பட்டன் இவையெல்லாம் காம்பொனென்டின் பொறுப்பு. நடுவில் என்ன வரும் என்பதைப் பயன்படுத்துபவர் முடிவு செய்துகொள்வார். பெயரிட்ட ஸ்லாட் வைத்துத் தலைக்கும் காலுக்கும் தனித்தனி இடம் கொடுக்கலாம்.

இதில் ஒரு படி மேலே போனால் பிள்ளையே தன் தரவை ஸ்லாட் வழியாகத் திருப்பிக் கொடுக்கும். ஒரு பட்டியல் காம்பொனென்ட் தரவைக் கொண்டுவருவது, பக்கம் பிரிப்பது, 'ஏற்றுகிறது' என்று காட்டுவது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு வரியும் எப்படித் தெரிய வேண்டும் என்பதை மட்டும் வெளியே இருப்பவர் எழுதுவார். என்னைக் கேட்டால் வியூவில் நன்றாகக் கற்க வேண்டிய முதல் விஷயம் இதுதான், ஆனால் பலர் கடைசியில் கற்கிறார்கள்.

ஒரு பக்கத்தை எவ்வளவு சிறிய துண்டுகளாக உடைக்க வேண்டும்?

இதற்குச் சூத்திரம் கிடையாது. இருநூறு வரியைத் தாண்டினால் உடை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், நான் ஒப்புக்கொள்வதில்லை. நீளமாக இருந்தாலும் மேலிருந்து கீழே ஒரே வாக்கில் படிக்க முடிகிற கோப்பு, எட்டுக் கோப்பில் சிதறிக் கிடக்கும் அதே விஷயத்தைவிட நல்லது.

நான் பார்ப்பது வாசலைத்தான். ஒரு பகுதியைப் பிரித்தெடுத்தால் அதற்கு எத்தனை ப்ராப் கொடுக்க வேண்டியிருக்கும், எத்தனை ஈவென்ட் வாங்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்றில் முடிந்தால் அது தானாகவே தனித் துண்டுதான், பிரித்துவிடுங்கள். பன்னிரண்டு ப்ராப், எட்டு ஈவென்ட் என்று வந்தால் தவறான இடத்தில் கத்தி வைத்திருக்கிறீர்கள். அந்த இரண்டும் ஒரே உடம்பு.

அதேபோல, இரண்டு இடத்தில் ஒரே மாதிரி தெரிகிறது என்பதற்காக அவசரப்பட்டு ஒன்றாக்க வேண்டாம். இன்று ஒரே மாதிரி இருக்கும் இரண்டு அட்டைகள் அடுத்த மாதம் வேறு வேறு திசையில் வளரும். அப்போது அந்த ஒற்றைக் காம்பொனென்டுக்குள் 'இங்கே என்றால் இப்படி, அங்கே என்றால் அப்படி' என்று நிபந்தனைகள் முளைக்கும். மூன்றாவது இடம் வரும்வரை காத்திருந்து ஒன்றாக்கினால், எது உண்மையில் பொது, எது தற்செயல் என்று கண்ணுக்கே தெரியும்.

தரவு மாறியது வியூவுக்கு எப்படித் தெரிகிறது?

தரவு மாறினால் திரையும் தானாக மாறுவதைத்தான் ரியாக்டிவிட்டி என்கிறார்கள். வியூ 2-இல் ஒவ்வொரு பண்புக்கும், படிக்கும்போது ஓடும் ஒரு கெட்டர், எழுதும்போது ஓடும் ஒரு செட்டர் வைத்து யார் படிக்கிறார்கள், யார் எழுதுகிறார்கள் என்று கவனித்தார்கள். ஆனால் அந்தக் காவலைத் தொடக்கத்திலேயே வைத்தாக வேண்டும். பின்னால் சேர்க்கும் புதிய பண்புக்குக் காவல் இல்லை. அர்ரேயில் ஓர் இடத்தின் மதிப்பை எண் சொல்லி மாற்றினாலும் தெரியாது. 'மதிப்பு மாறியிருக்கிறது, திரை மாறவில்லை' என்று அந்தக் காலத்தில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் எண்ணிலடங்காதவர்கள்.

வியூ 3 ப்ராக்ஸிக்கு மாறியது. ஜாவாஸ்கிரிப்டின் 2015 தரத்தில் வந்த வசதி அது. ஆப்ஜெக்டின் முன்னால் ஒரு வாயிற்காவலர் நின்றுகொண்டு, போகிற வருகிற எல்லாவற்றையும் பார்ப்பார். புதிய பண்பு, நீக்கிய பண்பு, அர்ரே எண் எல்லாம் அகப்படும். ப்ராக்ஸியைப் பழைய பிரவுசருக்குப் போலியாகச் செய்துகொடுக்க வழியில்லை. அதனால்தான் வியூ 3 இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-ஐக் கைவிட்டது.

ஒரு டெம்ப்ளேட் வரையப்படும்போது எந்தெந்த மதிப்பைப் படித்தது என்று வியூ குறித்துக்கொள்ளும். பின்னால் அந்த மதிப்பில் எழுதினால், குறிப்பில் இருக்கும் காம்பொனென்டை மட்டும் மறுபடி வரையும். இன்னதை நம்பி இது இருக்கிறது என்று நீங்கள் பட்டியல் கொடுக்க வேண்டியதில்லை.

ஆப்ஜெக்டிலிருந்து மதிப்பைத் தனி மாறியில் எடுத்ததும் திரை புதுப்பிக்கப்படுவது நின்றுவிட்டது. ஏன்?

காவலர் நிற்பது ஆப்ஜெக்டின் வாசலில். நீங்கள் ஒரு எண்ணை வெளியே எடுத்துவந்து தனி மாறியில் போட்டால், கையில் இருப்பது வெறும் எண். அதற்குப் பின்னால் காவலர் வரமாட்டார். ரியாக்டிவ் என்ற ஃபங்ஷன் கொண்டு காவலோடு செய்த ஆப்ஜெக்டை உடைத்து மாறிகளில் எடுப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதில் விழுவார்கள்.

டூரெஃப்ஸ் என்ற ஃபங்ஷன் கொண்டு எடுத்தால் தொடர்பு அறாது. இல்லையென்றால் முதலிலேயே ரெஃப் பயன்படுத்துங்கள். ரெஃப் மதிப்பைச் சுமக்கும் ஒரு சின்ன டப்பா. ஸ்கிரிப்டில் அதைத் தொட ஒவ்வொரு முறையும் 'டாட் வேல்யூ' எழுத வேண்டும், டெம்ப்ளேட்டில் வேண்டாம். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் படிக்கும்போது 'இது கண்காணிக்கப்படும் மதிப்பு' என்று அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது, அதனால் நான் எல்லாவற்றுக்கும் ரெஃப்தான். 2024 செப்டம்பரில் வந்த 3.5 முதல் ப்ராப்ஸை மட்டும் தாராளமாக உடைத்து எடுக்கலாம், கம்பைலர் பார்த்துக்கொள்கிறது.

மதிப்பை மாற்றிய அடுத்த வரியிலேயே திரையில் உள்ள உயரத்தை அளந்தால் பழைய அளவு வருகிறதே?

வியூ மாற்றங்களைச் சேர்த்துவைத்து மொத்தமாகத்தான் திரைக்குக் கொண்டுபோகும். ஒரே ஃபங்ஷனில் பத்து மதிப்பை மாற்றினாலும் ஒரே முறை வரைந்தால் போதும் அல்லவா. திரை புதுப்பிக்கப்பட்டதும் சொல்லும் நெக்ஸ்ட்டிக்குக்குக் காத்திருந்து அளந்தால் சரியான அளவு வரும். செட்டைம்அவுட் போட்டு நூறு மில்லிசெகண்ட் காத்திருக்கும் குறுக்குவழியைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் கீ கொடுக்கச் சொல்கிறார்கள். வரிசை எண்ணையே கொடுத்தால் என்ன?

ஒரு கதை சொல்கிறேன். ஒரு படிவத்தில் பல நபர்களைச் சேர்க்கலாம். ஒவ்வொரு வரியிலும் பெயர், பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு கட்டம், நீக்கும் பட்டன். வரிசை எண்ணைக் கீயாகக் கொடுத்திருந்தேன். சோதித்தபோது ஒவ்வொரு முறையும் கடைசி வரியைத்தான் நீக்கிப் பார்த்தேன், சரியாக இருந்தது. பயன்பாட்டுக்குப் போன பிறகு ஒருவர் நடு வரியை நீக்கியிருக்கிறார். பெயர் போய்விட்டது, ஆனால் அவருக்கு எழுதிய குறிப்பு அடுத்தவர் பெயருக்குப் பக்கத்தில் நின்றது. கவனிக்காமல் சேமித்தும் விட்டார்.

நடந்தது இது. ஐந்து வரிகளின் கீ 0, 1, 2, 3, 4. நடுவில் உள்ள 2 போனதும் மிச்சம் நான்கு பேருக்கும் மறுபடி 0, 1, 2, 3 என்றே எண் கிடைக்கிறது. வியூவின் கண்ணுக்கு 2 போகவே இல்லை, 4 என்ற கடைசி வரிதான் போனது. அதனால் கடைசி வரியின் காம்பொனென்டைத் தூக்கிவிட்டு, மற்றவற்றுக்குப் புதிய பெயரை மட்டும் கொடுக்கிறது. பெயர் ப்ராப்பாக வருவதால் மாறிவிடும். குறிப்பு அந்த வரிக் காம்பொனென்டின் சொந்த நிலையில் இருந்ததால் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது.

கீ என்பது ஆளின் அடையாளம், உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் எண் அல்ல. தரவுத்தளத்தின் அடையாள எண் இருந்தால் அதைக் கொடுங்கள். இன்னும் சேமிக்காத வரி என்றால் சேர்க்கும்போதே ஒரு தற்காலிக எண்ணை உருவாக்கி ஒட்டிவிடுங்கள். ஆனால் வரையும்போது கீயில் ரேண்டம் எண் போடாதீர்கள். ஒவ்வொரு முறை வரையும்போதும் எல்லா வரியும் செத்துப் பிறக்கும், தட்டச்சு செய்துகொண்டிருப்பவரின் கர்சர் காணாமல் போகும்.

வி-ஃபாரையும் வி-இஃப்பையும் ஒரே டேகில் வைக்கலாமா?

வேண்டாம். வி-ஃபார் பட்டியலின் ஒவ்வொன்றுக்கும் வரையும், வி-இஃப் நிபந்தனை சரியானால் மட்டும் வரையும். வியூ 2-இல் வி-ஃபாருக்கு முன்னுரிமை, வியூ 3-இல் வி-இஃப்புக்கு. பழைய கோடைக் கொண்டுவந்தால் அர்த்தமே மாறிவிடும். வடிகட்டிய பட்டியலை ஒரு கம்ப்யூட்டட், அதாவது கணக்கிட்டு வரும் மதிப்பு, ஆக எழுதி அதன் மேல் சுற்றுங்கள்.

கம்ப்யூட்டட், மெத்தட் இரண்டும் ஒரே விடையைத்தானே தருகின்றன?

விடை ஒன்றுதான். மெத்தட் ஒவ்வொரு முறை வரையும்போதும் ஓடும். கம்ப்யூட்டட் தான் நம்பியிருக்கும் மதிப்பு மாறும்வரை பழைய விடையையே தரும். ஆயிரம் வரியை வரிசைப்படுத்தும் இடத்தில் வித்தியாசம் தெரியும். கம்ப்யூட்டட் உள்ளே எதையும் மாற்றாதீர்கள், கணக்கு மட்டும் போடுங்கள். அர்ரேயின் சார்ட் இருந்த இடத்திலேயே வரிசை மாற்றும் என்பதை மறந்து, மூலப் பட்டியலையே கலைத்துவிடுவது அடிக்கடி நடக்கும். முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆப்ஷன்ஸ் ஏபிஐ, காம்பொசிஷன் ஏபிஐ: எதைக் கற்பது?

இரண்டும் காம்பொனென்டின் ஸ்கிரிப்டை எழுதும் முறைகள். புதிதாகத் தொடங்கினால் ஸ்கிரிப்ட் செட்டப் கூடிய காம்பொசிஷன். ஆப்ஷன்ஸ் ஏபிஐ இன்னும் ஆதரவில் இருக்கிறது, அதில் எழுதிய பக்கத்தை மாற்றி எழுதவேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

வித்தியாசம் பெரிய காம்பொனென்டில்தான் தெரியும். ஆப்ஷன்ஸில் தரவு ஒரு கட்டில், மெத்தட்கள் ஒரு கட்டில், கவனிப்பவை ஒரு கட்டில் என்று வகைவாரியாகப் பிரியும். தேடல் பெட்டியின் தரவு 20-ஆம் வரியில், அதன் மெத்தட் 180-ஆம் வரியில். மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காம்பொசிஷனில் தேடல் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதலாம். பின்னால் அந்தக் கட்டை அப்படியே வெட்டி ஒரு தனி ஃபங்ஷனாக வெளியே எடுக்கலாம். இதற்குக் காம்போசபிள் என்று பெயர்.

வியூ 2-இல் இதே வேலையை மிக்ஸின் செய்தது, செய்ததைவிடக் கெடுத்தது அதிகம் என்பேன். மூன்று மிக்ஸின் சேர்த்த கோப்பில் 'லோடிங்' என்ற மாறி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க மூன்று கோப்பையும் திறக்க வேண்டும். இரண்டில் அதே பெயர் இருந்தால் ஒன்று மற்றதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். காம்போசபிளில் நீங்களே பெயர் சொல்லி வாங்குகிறீர்கள், அதனால் எது எங்கிருந்து வந்தது என்பது அந்த வரியிலேயே இருக்கிறது.

ஸ்கோப்ட் ஸ்டைல் உண்மையிலேயே வெளியே கசியாதா?

பெரும்பாலும் கசியாது. ஸ்கோப்ட் என்றால் அந்தக் கோப்பின் டேகுகளுக்கு மட்டும் பொருந்தும் சிஎஸ்எஸ். கம்பைலர் அந்தக் கோப்பில் உள்ள ஒவ்வொரு டேகிலும் 'டேட்டா-வி' என்று தொடங்கும் ஒரு அடையாளத்தை ஒட்டும். சிஎஸ்எஸ் விதியின் வாலிலும் அதையே சேர்க்கும். பிரவுசரின் டெவ்டூல்ஸைத் திறந்து ஒரு டேகைப் பார்த்தால் இது கண்ணில் படும். மாயம் எதுவும் இல்லை.

விதிவிலக்கு இரண்டு. தாயின் ஸ்கோப்ட் ஸ்டைல் பிள்ளையின் வெளிப்புற டேகைத் தொடும். இது வேண்டுமென்றே வைத்தது: பிள்ளையை எங்கே, எவ்வளவு இடைவெளியில் வைப்பது என்பது தாயின் உரிமை. அடுத்து, எச்டிஎம்எல்லை அப்படியே திரையில் போடும் வி-எச்டிஎம்எல் வழியாக வந்த உள்ளடக்கத்தில் அடையாளம் ஒட்டப்படாது, அதனால் உங்கள் ஸ்டைல் அதற்கு வேலை செய்யாது. அங்கே, உள்ளே உள்ளதையும் தொடவைக்கும் டீப் போட வேண்டியிருக்கும். வேறு யாருடைய காம்பொனென்டின் உள்ளே டீப் போட்டு நுழைகிறீர்கள் என்றால், அடுத்த அப்டேட்டில் உடையும் என்று இப்போதே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவிடம் உள்ள தரவு பேரனுக்கு வேண்டும். நடுவில் எல்லோர் வழியாகவும் ப்ராப் கடத்த வேண்டுமா?

இரண்டு படி என்றால் கடத்திவிடுங்கள், ஒன்றும் குறையாது. நான்கைந்து படி, அதுவும் நடுவில் இருப்பவர்களுக்கு அந்தத் தரவே தேவையில்லை என்றால் ப்ரொவைட், இன்ஜெக்ட் இருக்கிறது. மேலே ஒருவர் வைப்பார், கீழே யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

உள்நுழைந்தவர் யார், கூடையில் என்ன இருக்கிறது என்பது போலப் பக்கம் முழுக்க எல்லோரும் கேட்கும் தரவுக்கு பீன்யா. ஸ்பானிய மொழியில் அன்னாசிப்பழத்துக்கான சொல்லை ஒட்டி வைத்த பெயர். முன்பு இந்த இடத்தில் வியூஎக்ஸ் இருந்தது. இப்போது புதிய வேலைக்கு அதை யாரும் பரிந்துரைப்பதில்லை. ஒரு டயலாக் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதைக்கூட பீன்யாவில் கொண்டுபோய் வைப்பவர்களிடம் மட்டும் எனக்குக் கோபம் உண்டு. அது அந்தப் பெட்டியின் சொந்த விவகாரம்.

ஆப் பெரிதானால் முதல் முறை ஏற நேரமாகுமே?

எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் ஆகும். ரவுட்டரில் ஒவ்வொரு பக்கத்தையும் டைனமிக் இம்போர்ட்டாகக் கொடுத்தால், அந்தப் பக்கத்துக்குப் போகும்போதுதான் அதன் கோப்பு இறங்கும். பக்கத்துக்குள்ளேயே கனமான துண்டு இருந்தால், உதாரணமாக வரைபடம் அல்லது எழுத்துத் திருத்தி, அதை டிஃபைன்அசிங்க்காம்பொனென்ட் கொண்டு தள்ளிப்போடலாம். சின்னப் பட்டனை எல்லாம் இப்படித் தள்ளிப்போட்டால் திரை துண்டு துண்டாக வந்து விழும், அதுவும் நன்றாக இருக்காது.

தேடுபொறிக்காக சர்வரிலேயே பக்கத்தை வரைய முடியுமா?

முடியும், வியூவிலேயே அதற்கான பகுதி இருக்கிறது. ஆனால் கையால் அமைப்பது பெரிய வேலை, வியூ மேல் கட்டிய நக்ஸ்ட் ஃபிரேம்வொர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சர்வரில் வரைந்ததும் பிரவுசரில் முதல் முறை வரைவதும் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும். டெம்ப்ளேட்டில் இப்போதைய நேரத்தை நேரடியாகக் காட்டினால் சர்வரில் ஒரு நேரம், பிரவுசரில் ஒரு நேரம். ஹைட்ரேஷன், அதாவது சர்வர் வரைந்ததை பிரவுசரில் வியூ பொறுப்பேற்பது, பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வரும். அத்தகைய மதிப்பை ஆன்மவுன்டடில் நிரப்புங்கள், அது பிரவுசரில் மட்டும்தான் ஓடும்.

வி-எச்டிஎம்எல் பாதுகாப்பானதா?

நீங்களே எழுதிய எச்டிஎம்எல் என்றால் சரி. பயனர் எழுதியதை அப்படியே போட்டால், அவர் எழுதிய ஸ்கிரிப்ட் அடுத்தவர் பிரவுசரில் ஓட வழி திறந்துவிட்டீர்கள். இரட்டை நெளிவு அடைப்புக்குள் போடுவதை வியூ வெறும் எழுத்தாகத்தான் காட்டும், அங்கே பயம் இல்லை.

வியூ 2-இல் பழைய ப்ராஜெக்ட் இருக்கிறது. என்ன செய்வது?

வியூ 2-க்கான ஆதரவு 2023 டிசம்பர் 31-உடன் முடிந்தது. ஓடிக்கொண்டிருப்பது நின்றுவிடாது, பாதுகாப்புத் திருத்தம் வராது என்பதுதான் கவலை. முதலில் 2.7-க்கு ஏறுங்கள். காம்பொசிஷன் ஏபிஐ அதிலேயே வேலை செய்யும், அதனால் ஃபிரேம்வொர்க்கை மாற்றாமலே கோடை மாற்றத் தொடங்கலாம். அப்புறம் மைக்ரேஷன் பில்ட் என்று ஒன்று இருக்கிறது, வியூ 3 என்றாலும் பழைய நடத்தையில் பெரும்பகுதியை அனுமதித்துக்கொண்டு எங்கெங்கே திருத்த வேண்டும் என்று எச்சரிக்கும்.

நேரம் பிடிப்பது வியூவால் அல்ல, நீங்கள் சார்ந்திருக்கும் வெளி லைப்ரரிகளால். யுஐ லைப்ரரிக்கு வியூ 3 பதிப்பு இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். அப்புறம் டெம்ப்ளேட்டில் மதிப்பின் வடிவத்தை மாற்றும் ஃபில்டர்கள் போய்விட்டன, காம்பொனென்ட்கள் சேதி பரிமாற 'டாலர் ஆன்' கொண்டு செய்த ஈவென்ட் பஸ் போய்விட்டது, வி-மாடலின் உள்பெயர்கள் மாறிவிட்டன. இவை மூன்றையும் கோப்புகளில் தேடி எண்ணிப் பார்த்தால் வேலை எவ்வளவு என்று ஓரளவு தெரிந்துவிடும்.

ரியாக்ட், ஆங்குலரோடு ஒப்பிட்டால்?

காம்பொனென்டாகப் பிரிப்பது என்ற யோசனை மூன்றிலும் ஒன்றுதான். ரியாக்டில் நிலை மாறினால் காம்பொனென்ட் ஃபங்ஷன் முழுவதும் மறுபடி ஓடும். வியூவின் செட்டப் ஒருமுறைதான் ஓடும், அதன் பிறகு கண்காணிப்பு பார்த்துக்கொள்ளும். ரியாக்டிலிருந்து வருபவர்களுக்கு முதல் வாரம் இதுதான் குழப்பும். ஆங்குலர் ரவுட்டர், படிவம், எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொடுக்கும். பெரிய குழுவுக்கு அது வசதி. உங்கள் குழுவில் ஏற்கெனவே நாலு பேருக்கு ஒன்று தெரியும் என்றால் அதையே எடுங்கள்.

பில்ட் எதுவும் இல்லாமல், இருக்கிற எச்டிஎம்எல் பக்கத்தில் வியூவைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். ஒரு ஸ்கிரிப்ட் டேக் போதும். சர்வர் அனுப்பும் பழைய பக்கத்தில் ஒரு மூலையை மட்டும் உயிரோட்டமாக்க இது நல்ல வழி.

ஆனால் இங்கே உங்கள் டெம்ப்ளேட்டை வியூவுக்கு முன்னால் பிரவுசர் படித்துவிடுகிறது, அதற்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. பெரிய எழுத்தில் எழுதிய காம்பொனென்ட் பெயரைச் சின்ன எழுத்தாக்கிவிடும், அதனால் பெயரை நடுக்கோடு போட்டுச் சின்ன எழுத்திலேயே எழுதுங்கள். தானே மூடிக்கொள்ளும் டேகை ஏற்காது. திறந்த டேகைத் தனியாக மூடுங்கள், இல்லாவிட்டால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் அதன் வயிற்றுக்குள் போய்விடும். டேபிளுக்குள் நேரடியாக உங்கள் வரிக் காம்பொனென்டை வைத்தால், இது இங்கே இருக்கக் கூடாதது என்று பிரவுசர் அதைத் தூக்கி டேபிளுக்கு வெளியே எறிந்துவிடும். அதற்கு 'டிஆர்' டேகையே எழுதி, அதில் 'இஸ்' என்ற பண்பில் 'வியூ' என்று போட்டு ஒரு முக்காற்புள்ளி வைத்து, உங்கள் காம்பொனென்ட் பெயரைக் கொடுங்கள். பிரவுசர் அதைச் சாதாரண வரி என்று நினைத்து விட்டுவிடும்.